தாய்மண் தேடி – 4: சித்தாள் சிப்பாய் ஆன கதை

சென்ற வாரம், ஹூக்ளி ஆற்றில் புறப்படத் தயாராக நின்ற வால்போல் கப்பலில் எமினை விட்டுவிட்டு வந்தோம். கேப்டன் ஃபீயின் காலைக் கட்டிக்கொண்டு கெஞ்சிக்கொண்டிருந்தான். கேப்டன் அவனை ஏற்றிக்கொள்வாரா, கரைக்கே விரட்டிவிடுவாரா?

ஏற்றிக்கொண்டார். கட்டணம் வேண்டாம், கூலியும் கிடையாது. மாலுமிகள் செய்கிற வேலையை எல்லாம் செய்துகொண்டு லண்டன் வரை வரலாம் என்பது ஏற்பாடு. ஆண்டு 1751. ஜோசப் எமினுக்கு வயது 25. அவன் அப்பா கல்கத்தாவில் ஓர் அர்மீனிய வணிகர். எஞ்சிய வாழ்நாள் முழுக்கக் கல்லாவில் உட்கார்ந்து பட்டுக்கும் மஸ்லினுக்கும் கணக்குப் பார்த்திருக்கலாம். அதை விட்டுவிட்டுக் கப்பல் தளத்தைக் கழுவப் போனான்.

புதிதாகச் சேர்ந்திருக்கும் வாசகர்களுக்காக ஒரு சுருக்கம். எமின் பிறந்தது பாரசீகத்தின் ஹமதான் நகரில், 1726இல். அர்மீனியாவை அவன் கண்ணால் பார்த்ததே இல்லை. அந்த நாடு அப்போது ஒரு பெயராக மட்டுமே இருந்தது. மேற்குப் பாதி துருக்கிய சுல்தானிடம், கிழக்குப் பாதி பாரசீகத்திடம். நாதிர் ஷாவின் வரிக்கொடுமை தாங்காமல் அர்மீனிய வணிகக் குடும்பங்கள் பல இந்தியாவுக்குப் பெயர்ந்துகொண்டிருந்த காலத்தில், 1744வாக்கில், எமினும் அப்பா இருந்த கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தான். அங்கே வில்லியம் கோட்டையில் கும்பெனிச் சிப்பாய்கள் வரிசை பிசகாமல் அணிவகுப்பதைப் பார்த்தபோதுதான் அவனுக்கு அந்த எண்ணம் வந்தது. ஒரு கைப்பிடி ஐரோப்பியர் இவ்வளவு பெரிய தேசத்தில் காலூன்ற முடிகிறதென்றால் அதன் சூட்சுமம் இந்தப் பயிற்சியில்தான் இருக்கிறது. இதைக் கற்றுக்கொண்டு அர்மீனியா போய், அங்கே இருப்பவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தால்?

அப்பாவிடம் கேட்டான். அப்பா மறுத்தார். மீதியைத்தான் சென்ற வாரம் பார்த்தோம்.

இந்தத் தொடரை நான் நிகழ்காலத்தில் ஆரம்பித்தது நினைவிருக்கும். லாஸ் ஏஞ்சலிஸிலும் பெய்ரூட்டிலும் பியூனஸ் அயர்ஸிலும் பிறந்து வளர்ந்த அர்மீனிய இளைஞர்கள் இன்று எரெவானில் விமானம் இறங்குகிறார்கள். 2003இல் தொடங்கிய பர்த்ரைட் அர்மீனியா போன்ற அமைப்புகள் அவர்களை உள்ளூர்க் குடும்பங்களில் தங்கவைத்து, மொழி சொல்லிக்கொடுத்து, பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் 1988 நிலநடுக்கத்தில் நொறுங்கிய கியூம்ரி நகரிலும் சம்பளமில்லா வேலைக்கு அனுப்புகின்றன. கையில் விசா இருக்கிறது. போய் இறங்கினால் பெயர் எழுதிய அட்டையோடு ஒருவர் காத்திருக்கிறார். எமினுக்காக யாரும் காத்திருக்கவில்லை. அவனைத்தான் இந்த வழியில் போன முதல் ஆள் என்று சொல்ல எனக்குத் தயக்கம். அவனுக்கு அரை நூற்றாண்டு முன்பே இஸ்ராயேல் ஓரி என்பவர் அர்மீனிய விடுதலை பேசிக்கொண்டு ஐரோப்பிய அரண்மனைகளைச் சுற்றினார். ஆனால் ஓரி அந்த மண்ணிலேயே பிறந்தவர். வேற்று நாட்டில் பிறந்து, பார்த்தேயிராத ஊருக்கு உழைக்கக் கிளம்பியவர்களில் நாம் இத்தனை விவரமாக அறிந்த முதல் ஆள் எமின்தான்.

விவரமாக அறிந்திருப்பதற்குக் காரணம், அவனே எழுதி வைத்த சுயசரிதை. 1792இல் லண்டனில் அச்சான புத்தகம். கையெழுத்துப் பிரதியைப் படித்துத் திருத்தம் சொன்னவர் கல்கத்தா உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்த சர் வில்லியம் ஜோன்ஸ். ஆசியாட்டிக் சொசைட்டியை நிறுவிய அதே ஜோன்ஸ். புத்தகத்தின் பெரும்பகுதியில் எமின் தன்னைப் பற்றிப் படர்க்கையில் பேசுகிறான். எமின் போனான், எமின் சொன்னான், எமின் கோபப்பட்டான் என்று. தன் வீரத்தைத் தானே எழுதும் ஆளை எவ்வளவு நம்பலாம் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் தான் பட்ட அவமானங்களையும் அவன் விட்டுவைக்கவில்லை. அதனால் அவனை ஓரளவு நம்புகிறேன்.

* * *

லண்டன். கையில் இருந்த கொஞ்சம் காசை எடுத்துக்கொண்டு எமின் நேராக ஒரு பள்ளிக்கூடத்தில் போய்ச் சேர்ந்தான். காசு தீர்ந்ததும் அதே பள்ளியில் வேலைக்காரனாகிவிட்டான். வேலைக்குக் கூலியாகப் படிப்பு. அதுவும் நீடிக்கவில்லை. பள்ளி நடத்தியவர் நொடித்துப்போக, எமின் தெருவுக்கு வந்தான்.

அடுத்து வந்தவை எல்லாம் உடம்பு வேலைகள். கொத்தனாருக்குச் சித்தாளாக நின்று செங்கல் எடுத்துக் கொடுத்தான். மளிகைக் கடையில் மூட்டை தூக்கினான். கொஞ்சம் எழுதப் படிக்கத் தெரிந்ததால் நகல் எழுதும் வேலையும் அவ்வப்போது கிடைத்தது. இடையில் கல்கத்தாவிலிருந்து, திரும்பி வந்தால் வழிச்செலவு தருகிறோம் என்று வீட்டார் சொல்லியனுப்பினார்கள். மறுத்துவிட்டான். மறுத்த கையோடு மறுபடி மூட்டை தூக்கப் போனான்.

நான்கு ஆண்டுகள் இப்படியே ஓடின. படை, பயிற்சி, பீரங்கி எதுவும் கைக்கு எட்டவில்லை.

ஒரு நாள் செயின்ட் ஜேம்ஸ் பூங்காவில் தெரிந்தவர் ஒருவரோடு உலாவிக்கொண்டிருந்தபோது, எதிரே வந்த ஓர் அயர்லாந்து இளைஞர் பேச்சில் சேர்ந்துகொண்டார். எமினைவிட மூன்று வயது சின்னவர். சட்டம் படிக்க லண்டன் வந்து, சட்டத்தில் மனம் ஒட்டாமல் எழுத்தாளராகும் கனவோடு திரிந்துகொண்டிருந்தார். எமினின் கதையைக் கேட்டு நெகிழ்ந்து தன் அறைக்கு அழைத்துப்போனார். சட்டைப்பையில் கைவிட்டு அரை கினி நாணயத்தை நீட்டினார். தன்னிடம் இருப்பதே அவ்வளவுதான் என்றும் சொன்னார். எமின் வாங்கவில்லை. தன்னிடம் அதைவிட அதிகம் இருக்கிறது என்று எடுத்துக் காட்டினானாம்!

அந்த இளைஞரின் பெயர் எட்மண்ட் பர்க்.

பின்னாளில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் வாரன் ஹேஸ்டிங்ஸைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தி ஆண்டுக்கணக்கில் முழங்கிய அதே பர்க்தான். அப்போது அவரை யாருக்கும் தெரியாது. எமினுக்குப் புத்தகங்கள் கொடுத்தார், தன் கையெழுத்துப் பிரதிகளை நகலெடுக்கும் வேலையும் கொடுத்தார். 1756இல் வெளியான பர்க்கின் முதல் நூலை, அது அச்சுக்குப் போகும் முன்பே எழுத்தெழுத்தாகப் பிரதி செய்தவன் இந்த மூட்டை தூக்கும் அர்மீனியன். இந்தியாவின் மீது பர்க்குக்குப் பிற்காலத்தில் வந்த அக்கறையின் விதை இந்தச் சிநேகிதத்தில் இருந்ததா என்று யோசித்துப் பார்க்க ஆசையாக இருக்கிறது. ஆதாரம் இல்லாததால் ஆசையோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பிறகு எமின் ஒரு கடிதம் எழுதினான், நார்தம்பர்லண்ட் பிரபுவுக்கு. ஹமதானிலிருந்து மளிகைக் கடை வரை பட்டதை எல்லாம் கொச்சை ஆங்கிலத்தில் கொட்டினான். தனக்குப் பதவி வேண்டாம், பணம் வேண்டாம், போர்க்கலை சொல்லிக்கொடுத்தால் போதும் என்று முடித்தான். கடிதம் கைமாறிக் கைமாறி, மன்னர் இரண்டாம் ஜார்ஜின் மகனும் படைத்தலைவருமான கம்பர்லண்ட் கோமகன் வரை போனது. பிரபுக்களின் வரவேற்பறைகளில் எமின் திடீரென்று பேசுபொருள் ஆனான். அறிவுலகச் சீமாட்டி எலிசபெத் மாண்டகுவும் அவனிடம் அன்பு காட்டினார். கிழக்கிலிருந்து வந்து விடுதலை பேசும் இளைஞன் என்றால் அந்தச் சபைகளுக்கு ஒரு விருந்துதான். எமினுக்கு அதுவும் தெரிந்தே இருந்தது. விருந்தை அவனும் பயன்படுத்திக்கொண்டான்.

வுல்விச் ராணுவப் பள்ளியில் இடம் கிடைத்தது. கோட்டை கட்டுவது, பீரங்கி குறிவைப்பது, அதற்கான கணக்கு. 1757 கோடையில் கம்பர்லண்டின் படையோடு ஜெர்மனிக்குப் போனான். அந்தப் படை பிரெஞ்சுக்காரர்களிடம் தோற்றுத் திரும்பியது வேறு கதை. அடுத்த ஆண்டு பிரெஞ்சுக் கடற்கரை மீதான தாக்குதலிலும் கலந்துகொண்டான். ஆள் தயார்.

நல்ல பதவி கேட்டிருந்தால் இங்கிலாந்திலேயே கிடைத்திருக்கும். 1759இல் எமின் கிழக்கே கப்பலேறினான்.

* * *

லிவோர்னோ, அலெக்ஸாண்ட்ரெட்டா, அலெப்போ. அங்கிருந்து மலைநாடு.

அர்மீனியப் பீடபூமியில் குளிர் என்பது விளையாட்டல்ல. எர்சூரும் பக்கம் வீடுகள் பாதி மண்ணுக்குள் புதைந்திருக்கும். மேலே மண் கூரை, அதில் புகை போக ஓர் ஓட்டை. உள்ளே ஒரு பக்கம் மனிதர்கள், மறுபக்கம் மாடுகள். மாட்டின் மூச்சுச் சூடு வீட்டுக்கும் சூடு. தரையில் குழி வெட்டிப் பதித்த தோனிர் அடுப்பில் வறட்டி கனன்றுகொண்டிருக்கும். குழியின் உட்சுவரில் அறைந்து ஒட்டிய ரொட்டி உப்பி வரும். அடுப்பு அணைந்த பிறகும் அதைச் சுற்றி உட்கார்ந்து காலை உள்ளே தொங்கவிட்டுக் குளிர்காய்வார்கள்.

அப்படி ஓர் அர்மீனியக் கிராமத்தில் எமின் தங்கினான். மொழி புரிகிறது, ஜபம் புரிகிறது, முகம்கூடத் தன் முகம் போலவே இருக்கிறது. இதற்காகத்தானே எட்டு ஆண்டுகள். ஊர்ப் பெரியவரும் குருவும் சுற்றி உட்கார்ந்திருக்க, தேக்கி வைத்திருந்த கேள்வியை எமின் கேட்டான். நீங்கள் ஏன் சுதந்திரமாக இல்லை? உங்களுக்கென்று ஏன் ஓர் அரசன் இல்லை?

பெரியவர் நிதானமாகப் பதில் சொன்னார். எங்கள் விடுதலை மறுமையில் இருக்கிறது. எங்கள் அரசர் இயேசு கிறிஸ்து.

இதை உங்களுக்குச் சொன்னது யார் என்று எமின் கேட்டான்.

திருச்சபையின் பிதாக்கள். உலகம் உண்டானது முதல் அர்மீனியர்கள் முகமதியருக்கு அடங்கியே வந்திருக்கிறார்கள், உயிர்த்தெழும் நாள் வரை அப்படியே இருக்கவேண்டும் என்று அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். இல்லாவிட்டால் துருக்கியரை விரட்ட எங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

கடைசி வாக்கியத்தை மறுபடி ஒருமுறை படியுங்கள். அதில் கோழைத்தனம் எங்கே இருக்கிறது? கையால் முடியும், கடவுள் அனுமதி இல்லை என்கிறார் பெரியவர். எமினுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவன் கற்றுவந்தது பீரங்கிக்கு எதிரான உபாயம். இதற்கு வுல்விச்சில் பாடம் இல்லை.

சட்டைப்பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தான். மோவ்செஸ் கொரெனாட்சி எழுதியது. அர்மீனியர்களின் முதல் வரலாற்றாசிரியராக மதிக்கப்படுபவர் அவர். லண்டனில் அவருடைய வரலாறு 1736லேயே லத்தீன் மொழிபெயர்ப்போடு அச்சாகியிருந்தது. அர்மீனியக் கிராமத்தில் அது இல்லை! எமின் புத்தகத்தைக் குருவிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னான். அரசர்களின் வம்சாவளி. இன்னாருக்குப் பின் இன்னார் என்று நீளும் பட்டியல். உலகம் உண்டானது முதல் அடிமை என்றால் இவர்கள் எல்லாம் யார்?

வெளியூரில் வளர்ந்த பிள்ளை உள்ளூர்ப் பெரியவர்களுக்கு அவர்கள் சரித்திரத்தைச் சொல்லிக்கொடுக்கிற காட்சி. இதைப் படிக்கையில் எனக்கு எமின் மீது பரிதாபமும் வருகிறது, கொஞ்சம் எரிச்சலும் வருகிறது. அந்தப் பெரியவர் பக்கம் நின்று பாருங்கள். அந்த மலைநாட்டின் கடைசிப் பெரிய அர்மீனிய அரசு, ஆனி நகரைத் தலைநகராகக் கொண்டது, 1045இல் முடிந்துபோனது. தெற்கே கடலோரம் சிலீசியாவில் எழுந்த இன்னோர் அரசும் 1375இல் விழுந்தது. அதன் பிறகு தலைக்கு வரி கட்டிக்கொண்டு, ஆயுதம் ஏந்தும் உரிமை இல்லாமல், யார் படை நடத்தினாலும் வயல் மிதிபடுவதைப் பார்த்துக்கொண்டு தலைமுறை தலைமுறையாக உயிர் பிழைத்து வந்த ஊர். பிழைக்க வைத்தது அந்த நம்பிக்கை. இவன் இன்று வருவான், நாளை குதிரையேறிப் போய்விடுவான். அதன் பிறகு பாஷாவின் ஆட்கள் வந்து விசாரித்தால் பதில் சொல்ல வேண்டியது யார்?

இந்தக் கேள்வியை எமின் தன்னிடம் கேட்டுக்கொண்டதாக அவன் புத்தகத்தில் எங்கும் எனக்குத் தென்படவில்லை.

* * *

சரி, குருமார்களின் போதனைதான் தடை என்றால் அந்தக் குருமார்களின் தலைமைப்பீடத்துக்கே போய்விடலாம். எமின் எட்ச்மியாட்சினுக்கு நடந்தான்.

அராரத் மலை எதிரே நிற்க, எரெவானுக்கு மேற்கே சமவெளியில் இருக்கிறது எட்ச்மியாட்சின். நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புனித கிரிகோர் எழுப்பியதாகச் சொல்லப்படும் பேராலயம். அர்மீனியத் திருச்சபையின் தலைவரான கத்தோலிக்கோஸ் அங்கேதான் இருக்கிறார். நம் ஆதீனங்களைப் போல நிலம், குத்தகை, வழக்கு, மடத்துக் கணக்கு எல்லாம் உண்டு. கூடவே ஒரு ராஜதந்திரியின் தலைவலியும் உண்டு. மடம் இருப்பது பாரசீகத்துக்கு உட்பட்ட எரெவான் கானின் ஆட்சியில். மக்களில் பெரும்பகுதி இருப்பதோ துருக்கிய சுல்தானின் நாட்டில். வடக்கே ஜார்ஜிய அரசர். 1747இல் நாதிர் ஷா கொல்லப்பட்டதிலிருந்து பாரசீகத்தில் யார் ஆட்சி, எத்தனை நாள் ஆட்சி என்றே சொல்லமுடியாத நிலை. மூன்று பக்கமும் காணிக்கை கொடுத்து, மூன்று பக்கமும் சிரித்துத்தான் காலம் தள்ளவேண்டும்.

பணம்? அது வெளியூரிலிருந்து வந்தது. கான்ஸ்டான்டிநோபிள் முதல் கல்கத்தா வரை அர்மீனியர் வாழும் ஊர்களுக்கெல்லாம் மடத்தின் தூதர்கள் போய்க் காணிக்கை திரட்டி வந்தார்கள். மெட்ராஸுக்கும் வந்தார்கள். அர்மீனியன் தெருவில் வசித்த வணிகர்களின் கொடைக்கு எட்ச்மியாட்சினில் நல்ல மதிப்பு. ஆக, கலகக்காரன் ஒருவனுக்கு மடம் இடம் கொடுத்தது என்று ஒரு பேச்சு எழுந்தால் போதும். கான் மடத்தில் கைவைப்பார். சுல்தான் தூதர்களின் வழியை அடைப்பார். இரண்டும் நடந்தால் திருச்சபைக்கு மூச்சு நின்றுவிடும்.

தங்க இடம் தந்தார்கள், சோறு போட்டார்கள். விடுதலைப் பேச்சுக்கு மட்டும் யாரும் காது கொடுக்கவில்லை. கையெழுத்துப் பிரதிகள் நிறைந்த, தூபம் மணக்கிற அந்தப் பழைய மடத்தில் எமினுக்கு ஒன்று மட்டும் தெளிவாகியது. தனி ஆளாக வந்து புத்தகத்தைக் காட்டினால் யாரும் எழமாட்டார்கள். பின்னால் ஓர் அரசன் நிற்கவேண்டும். கிறிஸ்தவ அரசன். பக்கத்திலேயே இருப்பவனாக, வாள் பிடித்துப் பழகியவனாக.

அப்படி ஒருவர் இருந்தார். டிஃப்லிஸில்.

எமினுக்கு அவர் புதியவர் அல்ல. லண்டனில் இருந்தபோதே அவருக்குச் சேவகம் செய்ய விரும்பிக் கடிதம் எழுதியவன்தான். ஆனால் இப்படி வெறுங்கையோடு போய் நிற்கக்கூடாது என்று முடிவு செய்தான். பெரிய இடத்துச் சிபாரிசு வேண்டும். அதற்காக அவன் செய்த காரியம் இன்றைக்கும் தலைசுற்ற வைக்கிறது. அர்மீனியாவிலிருந்து லண்டனுக்கே திரும்பிப் போனான். அங்கே ரஷ்யத் தூதர் கோலிட்சினிடம் கடிதம் வாங்கினான். அதை எடுத்துக்கொண்டு 1761இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போனான். ரஷ்ய சான்சலர் வொரொன்சோவின் கதவைத் தட்டினான்.

அவன் அங்கே இருந்த நாட்களில் ரஷ்யாவில் ஒரு பேரரசி இறந்தார், ஒரு பேரரசர் பட்டமேறி ஆறே மாதத்தில் இறக்கப்பட்டார், அவருடைய மனைவி கேத்தரின் அரியணை ஏறினார். இத்தனைக்கும் நடுவே எமின் தன் ஒரே கோரிக்கையோடு காத்திருந்தான். கடைசியில் வொரொன்சோவின் முத்திரையிட்ட சிபாரிசுக் கடிதம் கைக்கு வந்தது. அஸ்திரகான் வழியாகத் தெற்கே இறங்கி, காகசஸ் மலையைக் கடந்து 1763இல் டிஃப்லிஸ் போய்ச் சேர்ந்தான்.

* * *

ஜார்ஜிய அரசர் இரண்டாம் எரெக்லேவைப் பற்றி இந்தியர்களான நாம் தெரிந்துகொள்ள ஒரு காரணம் இருக்கிறது. இளைஞராக இருந்தபோது அவர் நாதிர் ஷாவின் படையோடு இந்தியப் படையெடுப்புக்கு வந்தவர். 1739இல் டெல்லியைச் சூறையாடிய அதே படையெடுப்பு. அந்த நாதிர் ஷாவின் கொடுமையால் இந்தியாவுக்கு வந்த குடும்பத்தின் பிள்ளை, இப்போது அந்தப் படையில் போர் பழகிய அரசரின் முன்னால் நிற்கிறான்.

எரெக்லே நன்றாகவே வரவேற்றார். ரஷ்ய சான்சலரின் கடிதம் என்றால் சும்மாவா. தவிர, அரசருக்கும் தேவைகள் இருந்தன. தாகெஸ்தான் மலைகளிலிருந்து லெஸ்கின்கள் ஆண்டுதோறும் இறங்கி வந்து கிராமங்களைக் கொள்ளையடித்து ஆட்களை அடிமைகளாகப் பிடித்துப் போனார்கள். ஐரோப்பிய முறையில் பயிற்சி பெற்ற காலாட்படை ஒன்று இருந்தால் நல்லதுதான். எமினோ அதற்கும் மேலே பேசினான். முதலில் படை, பிறகு அர்மீனியா.

இங்கே ஒரு சிக்கல். டிஃப்லிஸ் ஜார்ஜியத் தலைநகரம்தான், ஆனால் கடைத்தெருவில் பெரும்பாலும் கேட்ட மொழி அர்மீனியம். வியாபாரம், பட்டறை, வட்டித்தொழில் எல்லாம் அர்மீனியர் கையில். அரசரின் கஜானாவுக்கு வரி வந்ததும் அவர்களிடமிருந்துதான். அந்த மக்களுக்கு வாள் கொடுத்துத் தனி நாட்டுக் கனவும் கொடுக்கலாமா? அரசர் இதை வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. அவருடைய ஜார்ஜியப் பிரபுக்கள் சொல்லியிருப்பார்கள்.

செலவு யார் தலையில் என்பது இரண்டாவது சிக்கல். எமின் தோளைக் குலுக்கிக்கொண்டு வெளியூர் அர்மீனியர்களைக் கைகாட்டினான். அதில் தப்பும் இல்லை. பணம் அங்கேதான் இருந்தது. அவன் பிறந்த அதே 1726இல், மெட்ராஸில் பெட்ரஸ் உஸ்கான் என்ற அர்மீனிய வணிகர் தன் சொந்தப் பணத்தில் அடையாற்றின் குறுக்கே சைதாப்பேட்டையில் பாலம் கட்டினார். பரங்கிமலைக்குப் படிக்கட்டு அமைத்தவரும் அவரே. ஒரு தனி மனிதர் ஊருக்குப் பாலம் கட்டித் தருகிற அளவுக்கு வளம் இருந்த சமூகம், தாய்நாட்டுக்கு ஒரு படைப்பிரிவு தராதா என்பது எமினின் கணக்கு. மெட்ராஸில் அப்போது இன்னொரு வணிகரும் இருந்தார். ஷஹாமீர் ஷஹாமீரியன். வாளைவிட அச்செழுத்தை நம்பப்போகிறவர். இவர் கதைக்குள் நுழைய நீங்கள் இன்னும் கொஞ்சம் பொறுக்கவேண்டும்.

இந்த நேரத்தில்தான் எமின் எதிர்பாராத திசையிலிருந்து ஒரு தூது வந்தது. துருக்கி எல்லைக்குள், வான் ஏரிக்கு மேற்கே, மூஷ் சமவெளியில் புனித கராபெத் மடம். அதன் தலைவர் ஹோவ்னான் சொல்லியனுப்பியிருந்தார். நம் ஆட்களை நான் திரட்டுகிறேன். பக்கத்து மலைகளில் துருக்கியரிடம் மனக்கசப்பு உள்ள மற்ற மக்களும் சேருவார்கள். ஜார்ஜிய அரசரின் படை கொஞ்சம் இந்தப் பக்கம் எல்லை தாண்டினால் போதும்.

விடுதலை மறுமையில்தான் என்று கேட்டுச் சலித்திருந்த காதுகளுக்கு இது எப்படி இருந்திருக்கும்! அதுவும் ஒரு மடத்துத் தலைவரே சொல்கிறார். ஆள் தருவதாக மூஷ் சொல்லிவிட்டது. படைநடத்தக் கற்றவன் டிஃப்லிஸில் காத்திருக்கிறான். கல்கத்தாவிலும் மெட்ராஸிலும் பணம் இருக்கிறது. பன்னிரண்டு ஆண்டு அலைச்சலுக்குப் பிறகு இது எல்லாமே முதல்முறையாக ஒரே நேரத்தில் கூடி வந்தது. எரெக்லே ஒரு வார்த்தை சொல்லவேண்டியதுதான் பாக்கி.

ஆனால் இதே 1763இல் எட்ச்மியாட்சினில் ஒரு மாற்றம் நடந்திருந்தது. பழைய கத்தோலிக்கோஸ் ஹாகோப் காலமாகி, சிமியோன் எரெவான்ட்சி பீடமேறியிருந்தார். முந்தியவரைப் போலச் சத்தமில்லாமல் ஒதுங்கிப்போகிற ஆள் இல்லை இவர். மடத்தின் ஒவ்வொரு காணி நிலத்துக்கும் பத்திரம் தேடி எடுத்து, யார் எதை அபகரித்தார்கள் என்று பட்டியல் போட்டு, கான்களோடு வாதாடி மீட்டவர். படித்தவர், பிடிவாதக்காரர், தன் மக்களைக் காப்பது தன் பொறுப்பு என்பதில் எமினுக்குச் சற்றும் குறையாத வெறி கொண்டவர். இந்தக் கதையில் இவரை வில்லனாக்குவது மிகச் சுலபம். பலர் ஆக்கியும் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எல்லைக்கு அந்தப்பக்கம் மூஷில் ஒரு கிளர்ச்சி எழுந்து, அது தோற்றுப்போனால் யாருடைய கழுத்து முதலில் அறுபடும் என்று அந்த வட்டாரத்தில் கணக்குப் போட்டுப் பார்த்த ஒரே மனிதர் அவராக இருக்கலாம்.

எமின் டிஃப்லிஸில் இருப்பது சிமியோனுக்குத் தெரிந்துவிட்டது. மூஷ் விவகாரமும் தெரிந்துவிட்டது. எப்படி? மடத்துக்கு எல்லா ஊர்களிலும் கண் இருந்தது என்பதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

எட்ச்மியாட்சினிலிருந்து ஒரு கடிதம் புறப்பட்டது. அர்மீனியர்களின் தலைமைக் குருவின் முத்திரை அதில் இருந்தது. எமின் பெயருக்கு எழுதப்பட்டதல்ல அது. அர்மீனியாவை விடுவிக்க வந்தவனை என்ன செய்யவேண்டும் என்று, அர்மீனியர்களின் தலைமைக் குரு ஜார்ஜிய அரசருக்கு எழுதிய கடிதம்.

எரெக்லே அதைப் பிரித்தார்.

(தொடரும்)